கேட்பதற்கு முன் வந்த பதில்

அவள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடல்மேல் பனிமூட்டம் இறங்கி, கரையிலிருந்து நூறடி தள்ளிப் போனால் எது தண்ணீர், எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாமே அலம்பாத பால் பாத்திரத்தின் நிறத்தில் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, உப்பில் பிசுபிசுத்த கூந்தலை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தாள் அலைச்சறுக்குப் பயிற்சியாளர். அவளிடம் கற்றுக்கொள்ள வந்த ஐந்து பேர் ஆளுக்கொரு பலகைமேல் உட்கார்ந்து அலைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் அப்பால், பனி கெட்டியாகிற விளிம்பில், ஆறாவதாக ஓர் உருவம் தலைமேல் கை வைத்துக்கொண்டு இருந்தது.

இந்தத் தொழிலில் அது ஒரு சைகை. கடலுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் கரையில் இருப்பவர் தன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்பார். உள்ளே இருப்பவர் அதேபோல் தன் தலையில் கை வைத்தால் ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். குடி முழுகிப்போனவன்தான் தலையில் கை வைப்பான் என்று கேட்டே வளர்ந்தவர்கள் முதல் நாள் வகுப்பில் இதற்குச் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் பழகிவிடும்.

அவள் பள்ளியில் அதற்கு மேல் ஒரு விதியும் உண்டு. பதில் சொன்னவரை விட்டுவிடு, அடுத்தவரைப் பார். ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் முழுகிப்போவார் என்று அவளே யோசித்து வைத்த விதி அது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. நாளாக நாளாக அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கு அவள் இன்னும் கேட்கவே இல்லை. அவள் கை இரண்டும் கூந்தலில் இருந்தன. ஆனாலும் அந்த ஆறாவது உருவம் ‘நல்லா இருக்கேன்’ என்றது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். பல் மருத்துவர், அவர் மனைவி, கல்லூரிப் பெண்கள் இருவர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. ஐந்து. அதற்கு அப்பால் பனிதான் இருந்தது.

கரையேறியதும் காவல் மேடைக்குப் போனாள். அவள் கணவனின் தம்பிதான் அங்கே உயிர்காப்பாளன். கழுத்தில் விசிலும் பைனாகுலரும் தொங்க, காலை ஆறு மணிக்கே ஏறி உட்கார்ந்துவிடுவான்.

“தம்பி, உள்ள எத்தனை பேரு இருந்தாங்க?”

“அஞ்சு பேரு, அண்ணி. ஏன், காலைலயே எண்ண மறந்துடுச்சா?”

“அதுக்கப்பால யாராவது?”

“இந்தப் பனில நான் என் மூக்கையே தடவித்தான் பாத்துக்கறேன். யாராவது மீன் புடிக்கறவங்களா இருக்கும்.”

அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மீன் பிடிக்கிறவருக்கு அந்தச் சைகை எப்படித் தெரியும் என்ற கேள்வி மனதில் வந்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கண்ணில் பட்ட அறிகுறியைத் தட்டிக்கழிக்காதே என்று சொல்லித்தான் அவள் பெயர் வாங்கியிருந்தாள். அலைகள் கற்றுத்தரும் வாழ்க்கைப் பாடம் என்று பெரிய பெரிய அலுவலகங்கள் அவளைக் கூப்பிட்டுப் பேச வைத்தன. குளிரூட்டிய அரங்கில், கழுத்து இறுக்கிய சட்டைக்காரர்கள் முன்னால், அவள் எப்போதும் ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்துவாள்.

“பெரிய அலையப் பாத்துப் பயப்படாதீங்க. அது சொல்லிட்டுத்தான் வருது. ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவுல மட்டும் பாய் விரிச்ச மாதிரி தண்ணி அமைதியா கெடக்கும். புதுசா வர்றவங்க, ஆகா நல்ல இடம்னு அங்கதான் எறங்குவாங்க. அதுதாங்க ஆள உள்ள இழுக்கற ஓட்டம். எது ரொம்ப நல்லா இருக்கற மாதிரி தெரியுதோ, அதையே ரெண்டு தடவை பாருங்க.”

இந்த இடத்தில் கைதட்டல் வரும். சிலர் குறித்துக்கொள்வார்கள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை என்பது அந்த அரங்குகளில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் பனி இல்லை, வெறும் மேகம்தான். அன்றைக்கு உருவம் வரவில்லை, அந்த அமைதியான பாதை வந்தது. வழக்கமாக வகுப்பு நடத்தும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு சந்து அகலத்துக்கு, நுரையில்லாமல், சுருக்கமில்லாமல் தண்ணீர் கிடந்தது. இழுப்பு ஓட்டம் இடம் மாறும், அது அவளுக்குத் தெரியும். வகுப்பை இருநூறு அடி தள்ளி நடத்தினாள். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பாதை இருநூறு அடி தள்ளி வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். அதுவும் தள்ளி வந்தது.

அதில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பாதைக்கு நேராக நின்றால் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் அலைகள் எழுந்து, வளைந்து, வெள்ளையாக நொறுங்குவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் காதில் ஒன்றும் விழாது. இரண்டடி நகர்ந்தால் இரைச்சல் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து காதை அறையும். பழைய துணியை ஊறவைத்து மறந்துவிட்டால் வருமே ஒரு வாடை, அதுவும் அங்கேதான் இருந்தது. அவள் காதுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று ஒரு காலில் குதித்துப் பார்த்தாள். தண்ணீர் எதுவும் வரவில்லை.

நான்காம் நாள் உருவம் மறுபடி வந்தது, இந்த முறை கொஞ்சம் பக்கத்தில். முகம் தெரியவில்லை. தலை, அதன்மேல் கை, அவ்வளவுதான். அவள் வேண்டுமென்றே கேட்காமல் நின்றாள். அது கையை எடுக்கவே இல்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். அவளுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கடலைப் படிக்கத் தெரிந்தவள் என்பதுதான் அவளுடைய சோறு, துணி, மரியாதை எல்லாமே. ஒரு பக்கம் புரியவில்லை என்று சொன்னால் மொத்தப் புத்தகத்தையும் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தாள்.

அவளுக்கு ஒரே மகள். பத்து வயது. பெயரை யாரும் சொல்வதில்லை, வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு பலகைமேல் நிற்கக் கற்றுக்கொண்டவள். கணவன் வேலை பார்ப்பது வேறு ஊரில், மாதத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் அம்மாவும் மகளும்தான். அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் தான் இருந்து என்ன பயன் என்று அவள் நினைப்பதுண்டு. ஆனால் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவள் வாயில் வருவதெல்லாம் முதுகை நிமிர்த்து, முட்டியை மடக்கு என்பதுதான்.

மறுநாள் ஓர் அலுவலகத்துக்காரர்கள் கடற்கரைக்கே வந்து அவள் பேச்சைக் கேட்பதாகவும், வாலு அலையேறிக் காட்டுவதாகவும் ஏற்பாடு. அன்று சாயங்காலம் வாலு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, நாளைக்கு அந்த ஆபீஸ்காரங்க வர்றப்ப நான் உள்ள போயே ஆகணுமா?”

“ஏன், என்ன வந்துச்சு உனக்கு?”

“அங்க ஒருத்தங்க இருக்காங்க.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “யாரு?”

“தெரியல. நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. யாருமே கேக்கல. நீ சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடியே நான் ‘சாப்ட்டேன் சாப்ட்டேன்’னு சொன்னா நீ என்ன சொல்லுவ?”

“என்ன சொல்லுவேன்?”

“சாப்பிடலன்னு அர்த்தம்னு சொல்லுவ. தட்டத் தூக்கிப் பாப்ப.”

பிள்ளை சொன்னது சரிதான். அவளுக்குத் தெரிந்த பாடத்தையே, அவளைவிடச் சுருக்கமாக, ஈரத் தலையோடு சொல்லிவிட்டது. அதற்காகவே அவளுக்குக் கோபம் வந்தது.

“அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. கத கட்டாத.”

“பயமா இருக்கும்மா.”

“என் வயித்துல பொறந்துட்டு தண்ணிக்குப் பயமா? போய்ப் படு.”

வாலு எழுந்து போனாள். அம்மா அடுப்பை அணைத்தாள். போய்ப் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு வரலாம் என்று தோன்றியது. போகவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்காரர்கள் பதினான்கு பேர் ஒரே நிறச் சட்டையில் பேருந்திலிருந்து இறங்கினார்கள். அவர்களுடைய மேலாளர், சிரித்த முகமாக ஒரு பெரியவர், மணலில் எல்லாரையும் அரைவட்டமாக உட்கார வைத்தார். மணி எட்டாகியும் பனி விலகவில்லை. கடற்கரை முழுவதும் ஈரமான சாம்பல் நிறம். காவல் மேடைக்காரன் சிவப்புக் கொடியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

“அண்ணி, இன்னிக்குக் கொடி ஏத்திடறேன். எனக்கு மனசே சரியில்ல. அலை உடையறது தெரியுது, சத்தம் வரமாட்டேங்குது.”

ஆக அவனுக்கும் கேட்கவில்லை. இருந்தாலும் பதினான்கு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொடி ஏத்தினா எல்லாரும் பஸ்ஸப் பாத்துத் திரும்பிடுவாங்க. இவங்க யாரும் தண்ணில எறங்கல. வாலு மட்டும்தான். அவ மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ, போதும்.”

“அவளாவது வேணாமே அண்ணி.”

“நீ மேல ஏறு தம்பி.”

வாலு பலகையை மணலில் ஊன்றி அதன் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, சிரித்த முகம் மாறாமல், “என் மானத்த வாங்காத” என்றாள். பிள்ளையின் கை நழுவியது. பலகையின் கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, பலகைமேல் குப்புறப் படுத்து, சின்னச் சின்னதாகக் கைபோட்டு, அன்றைக்கும் நேர் எதிரே வந்து கிடந்த அந்த வழுவழுப்பான தண்ணீர்வழியே உள்ளே போனாள். மற்ற பக்கமெல்லாம் அலை நொறுங்கியது. அந்தப் பாதை மட்டும் அவளை அலுங்காமல் குலுங்காமல் வாங்கிக்கொண்டது.

கடலுக்கு முதுகைக் காட்டாதே என்பது முதல் நாள் முதல் பாடம். அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

நன்றாகவே பேசினாள். கூட்டம் இரண்டு முறை சிரித்தது. சைகையைச் சொல்லிக்கொடுத்ததும் பதினான்கு பேரும் குழந்தைகள்போலத் தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். “இப்ப என் பொண்ணக் கேப்போம்” என்று திரும்பி, தன் தலையில் கை வைத்தாள். பனியின் விளிம்பில் சின்ன உருவம் ஒன்று தலையில் கை வைத்தது. கைதட்டினார்கள். அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமைதியான தண்ணீரைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தது. குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பேச்சை நிறுத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் உதடுகள் அசைந்தன. பின் வரிசையில் ஒருவன் இருமினான், இருமல் கேட்கவில்லை. சந்து அகலத்துக்கு இருந்த அந்த நிசப்தம் தண்ணீரைத் தாண்டி மணலுக்கு ஏறி வந்திருந்தது. ஊறிப்போன துணியின் வாடை. மேலாளர் இன்னும் சிரித்தபடி அவளுக்குப் பின்னால் கையை நீட்டி என்னவோ கேட்டார். அவர் உதட்டைப் படித்தாள்.

“உங்க பொண்ணு எதுக்கு இவ்வளவு நேரமா கையை எடுக்கவே மாட்டேங்குது?”

அவள் திரும்பினாள்.

சின்ன உருவம். தலைமேல் கை. அவள் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

பலகையை எடுத்தாளா, யாருடையதை எடுத்தாள், எதுவும் அவளுக்கு நினைவில்லை. தண்ணீர் நெஞ்சில் அறைந்தது, அறைந்த சத்தம் இல்லை. கை போட்டாள். இழுத்தாள். போடவேண்டியதே இல்லை, தண்ணீரே அவளைக் கூட்டிக்கொண்டு போனது. இருபது வருடத்தில் இவ்வளவு சுலபமாக அவள் ஒருநாளும் உள்ளே போனதில்லை. எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பனி. பனிக்குள் பலகையின் மஞ்சள் முனை. இரண்டு சின்ன முட்டிகள்.

வாலு உட்கார்ந்திருந்தாள். முகம் கரையைப் பார்த்து. கண்கள் விரிந்து. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. அம்மா என்ற சொல் அந்த வாயின் வடிவத்தில் தெரிந்தது. சத்தமில்லை.

பத்தடி. ஐந்தடி.

பிள்ளையின் வலது கை பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது. விரல் முட்டி வெளுத்துப்போய்.

இடது கையும் பலகையில்தான் இருந்தது.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். வலது கை பலகையில். இடது கை பலகையில். தலைமேல் ஒரு கை. நீளமான, ஊறி உப்பிய, நகம் உதிர்ந்த கை. அது பின்னால் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, பிள்ளையின் முதுகை ஒட்டியே மேலேறி, உச்சந்தலையில் பதமாக, ஆசீர்வாதம் செய்வதுபோலப் படிந்திருந்தது. அமுக்கவில்லை. அவசரமே இல்லை அதற்கு.

அவள் பாய்ந்து மகளின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள். இழுத்தாள். பிள்ளை அசையவில்லை. கத்தினாள். விசில் அடிப்பவனின் பெயரை, கணவனின் பெயரை, தெரிந்த எல்லாப் பெயரையும் கத்தினாள். தொண்டை கிழிந்தது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பனி விலகியது. கரை பளிச்சென்று தெரிந்தது. காவல் மேடை தெரிந்தது. கொழுந்தன் எழுந்து நின்று பைனாகுலரில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த பதைப்புகூட அவளுக்குத் தெரிந்தது. அவன் தன் தலைமேல் கை வைத்தான்.

நல்லா இருக்கீங்களா?

இல்லை என்று கையை ஆட்டவேண்டும். ஒரு கையை எடுத்தால் போதும். எடுத்தால் பிள்ளை போய்விடும். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டப் பார்த்தாள்.

ஆட்ட முடியவில்லை. ஈரமாக, கனமாக, குளிர்ந்து ஏதோ ஒன்று அவள் பிடரி வழியாக மேலே ஊர்ந்து வந்து, உச்சந்தலையில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து உட்கார்ந்தது.

மேடைமேல் நின்றவனின் தோள்கள் தளர்ந்தன. அவன் சிரித்தான். மணலில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் அவனைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தங்கள் தலைமேல் கை வைத்தார்கள். பதில் சொன்னவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கவேண்டும் என்று அண்ணி சொல்லிக்கொடுத்தபடியே, அவன் பைனாகுலரை மெதுவாக வேறு பக்கம் திருப்பினான்.